பேலாஸ்ட் தண்ணீரை எங்கே எடுத்தீர்கள்? ஒரு சீஃப் மேட்டின் அனுபவம்

சரக்கை இறக்கிய கப்பல் காலியாகக் கடலுக்குப் போக முடியாது. உயரமாக மிதக்கும், புரொப்பல்லர் பாதி வெளியே தெரியும், காற்று அடித்தால் சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் இறக்கிய எடைக்கு ஈடாகக் கடல்நீரையே தொட்டிகளில் ஏற்றிக்கொள்கிறோம். அதுதான் பேலாஸ்ட். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற ஏற அந்தத் தண்ணீரை வெளியே விடுகிறோம்.

நான் பல்க் கேரியர்களில் (தாது, நிலக்கரி போன்றவற்றை மூட்டையில்லாமல் அப்படியே ஏற்றும் கப்பல்கள்) சீஃப் மேட்டாக, அதாவது கேப்டனுக்கு அடுத்த டெக் அதிகாரியாக, இருந்தவன். சரக்கு, ஸ்டெபிலிட்டி (கப்பலின் நிலைத்தன்மை), பேலாஸ்ட் மூன்றுமே சீஃப் மேட்டின் தலையில்தான் விடியும். நடுத்தர அளவு பல்க் கேரியரில்கூட ஒரு தடவைக்கு இருபதாயிரம் டன்னுக்குமேல் தண்ணீர் ஏறும். அதில் மீன் முட்டை, நண்டின் லார்வா, சிப்பிக் குஞ்சு, நுண்பாசி, பாக்டீரியா என்று அந்தத் துறைமுகத்தில் மிதப்பதெல்லாம் கூடவே ஏறும். பாதிக்கு மேல் வழியிலேயே செத்துப்போகும். மிஞ்சியது போய் இறங்கும் இடத்தில் அதைத் தின்ன ஆளில்லை என்றால் கதை மாறிவிடும்.

கருங்கடலில் நடந்தது அப்படித்தான். அமெரிக்க அட்லாண்டிக் கரையோரத்தைச் சேர்ந்த நெமியாப்சிஸ் லெய்டி என்ற சீப்பு ஜெல்லி 1980களின் தொடக்கத்தில் அங்கே போய்ச் சேர்ந்தது. மீன் குஞ்சுகள் சாப்பிட வேண்டிய மிதவை உயிர்களையும், மீன் முட்டைகளையும் சேர்த்தே தின்று பெருகியது. ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுக்கொண்டிருந்த நெத்திலி மீன்வளம் அந்தப் பத்தாண்டின் இறுதியில் சரிந்தது. 1997 வாக்கில் பெரோயே என்ற இன்னொரு சீப்பு ஜெல்லி வந்து முதல் ஜெல்லியைத் தின்னத் தொடங்கிய பிறகுதான் நிலைமை கொஞ்சம் தணிந்தது. மருந்தும் வெளியூரிலிருந்து தற்செயலாக வந்ததுதான், யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. வட அமெரிக்கப் பேரேரிகளில் 1988இல் கண்டுபிடிக்கப்பட்ட ஜீப்ரா மஸல் என்ற சின்னச் சிப்பி இன்றுவரை குடிநீர்க் குழாய்களையும் மின்நிலையங்களின் நீர் உறிஞ்சிகளையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. 1991இல் லத்தீன் அமெரிக்காவில் காலரா பரவிய சமயத்தில், அங்கிருந்து அமெரிக்காவின் மொபைல் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் பேலாஸ்ட் நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் பேலாஸ்ட் நீர் உடன்படிக்கை 2004 பிப்ரவரியில் நிறைவேறியது. போதுமான நாடுகள் கையெழுத்திட்டுச் சேர இத்தனை வருடங்கள் ஆகி, 2017 செப்டம்பர் 8 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதில் இரண்டு தரநிலைகள். டி-1 என்பது நடுக்கடலில் தண்ணீரை மாற்றுவது: கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், குறைந்தது 200 மீட்டர் ஆழத்தில், பழைய நீரில் 95 சதவீதமாவது மாறியிருக்க வேண்டும். 200 மைல் கிடைக்காவிட்டால் 50 மைலாவது வேண்டும், ஆழம் அதேதான். டி-2 என்பது வெளியே விடும் நீரில் உயிர் எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்ற கணக்கு: 50 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) அல்லது அதற்கு மேல் உள்ள உயிர்கள் ஒரு கன மீட்டருக்குப் பத்துக்கும் குறைவாக, 10 முதல் 50 மைக்ரான் வரை உள்ளவை ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக்கும் குறைவாக. காலரா, ஈ.கோலை, குடல் என்டெரோகாக்கை ஆகியவற்றுக்குத் தனி வரம்புகள். 2024 செப்டம்பர் 8 முதல், உடன்படிக்கைக்கு உட்பட்ட கப்பல்கள் எல்லாமே டி-2க்கு வந்துவிட்டன. நடைமுறையில் அதன் பொருள், கப்பலில் ஒரு சுத்திகரிப்புக் கருவி இருக்க வேண்டும் என்பது.

கன மீட்டருக்குப் பத்து என்பதை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீரில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் உயிர் பத்துகூட இருக்கக் கூடாது. கருவி நன்றாக வேலை செய்யும் நாளிலும் இது எளிதான இலக்கு இல்லை.

இந்த வேலையில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்று உண்டு. தண்ணீர் விடும் துறைமுகத்தில் வெடிக்கும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை, அதை எடுத்த துறைமுகத்திலேயே முடிவாகிவிட்டவை. எல்லோரும் கவனிப்பது வெளியேற்றத்தை. இன்ஸ்பெக்டர் வருவதும் அங்கேதான், அபராதமும் அங்கேதான். ஆனால் அந்த நேரத்தில் சீஃப் மேட்டின் கையில் பெரிதாக எதுவும் மிச்சம் இருப்பதில்லை. சேறோடு எடுத்த நீர் சேறோடுதான் இருக்கும். கருவியைத் தாண்டி உள்ளே வந்த நீரைக் கடைசி நிமிடத்தில் நல்ல நீராக்க வழியில்லை.

எங்கே, எப்போது எடுக்கக் கூடாது என்று ஐஎம்ஓ 1997லேயே வழிகாட்டிவிட்டது. கழிவுநீர் கலக்கும் இடத்துக்கு அருகில் வேண்டாம், தூர்வாரும் இடத்துக்கு அருகில் வேண்டாம், பாசி பூத்து நிறம் மாறிய நீரில் வேண்டாம், ஓதம் (கடலின் ஏற்ற இறக்கம்) சரியாக ஓடாத மூலையில் வேண்டாம், இருட்டில் வேண்டாம். கடைசியாகச் சொன்னது பலருக்கும் வியப்பாக இருக்கும். பகலில் அடியில் கிடக்கும் மிதவை விலங்குகள் பலவும் இரவில் மேற்பரப்பு நோக்கி எழும். ராத்திரி பம்ப்பைப் போட்டால் அவற்றை நாமே வாரி எடுத்துக்கொள்கிறோம். சரி, துறைமுகம் இரவும் பகலும் வேலை செய்கிறது, சரக்கு இறங்க இறங்க பேலாஸ்ட் ஏறியே ஆக வேண்டும், அப்புறம் எப்படி இருட்டைத் தவிர்ப்பது என்று கேட்பீர்கள். முழுதாகத் தவிர்க்க முடியாது. ஆனால் எந்தத் தொட்டியை எப்போது நிரப்புவது என்ற வரிசை நம் கையில் இருக்கிறது. இரவில் குறைவாகவும் பகலில் கூடுதலாகவும் வருகிற மாதிரி வரிசையை அமைக்க முடிகிற சமயங்கள் நினைப்பதைவிட அதிகம்.

இருட்டைவிடப் பெரிய தலைவலி சேறு. ஆற்று முகத்துவாரத் துறைமுகம் ஒன்றில் கிராப் (கிரேனில் தொங்கும் அள்ளும் வாளி) வைத்துச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். தண்ணீர் பழுப்பு நிறம். எங்கள் கருவி ஃபில்டரும் யூவி (புற ஊதா) விளக்கும் சேர்ந்தது. ஃபில்டரின் கண்ணி சுமார் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. டீ வடிகட்டியில் களிமண்ணைக் கரைத்து ஊற்றினால் என்ன ஆகும்? அதேதான் ஆனது. ஃபில்டரின் இரு பக்க அழுத்த வித்தியாசம் ஏறிக்கொண்டே போனது. அடைப்பை நீக்கப் பின்னோட்டமாகத் தண்ணீரைப் பாய்ச்சும் பேக்ஃப்ளஷ், இடையிடையே வர வேண்டியது, விடாமல் ஓடத் தொடங்கியது. பம்ப் தள்ளும் தண்ணீரில் பாதி பேக்ஃப்ளஷுக்கே போனது. ஃபில்டரைத் தாண்டி வந்த நீரும் கலங்கலாக இருந்ததால் யூவி ஒளி ஊடுருவவில்லை. ஒளி போதவில்லை என்றதும் கருவி தானாகவே ஓட்டத்தை இன்னும் குறைத்தது.

இதற்கிடையே கரையில் இறக்கும் வேகம் குறையவில்லை. சரக்கு இறங்க இறங்கக் கப்பல் எழும்புகிறது. ஒரு கட்டத்துக்குமேல் கிரேனின் பூம் (நீண்ட கை) ஹாட்ச் (சரக்கு அறையின் வாய்) விளிம்பைத் தாண்ட முடியாது. கப்பல் உடலின் மேல் வரும் வளைவு விசையும் துறைமுக வரம்பை நெருங்கிக்கொண்டிருந்தது. கரைக்காரர்கள் சொன்ன யோசனை எளிமையானது: பைபாஸ் வால்வைத் திறந்து, கருவி வழியாக விடாமல் நேரடியாக ஏற்றுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள்?

கருவி பார்க்கும். பைபாஸ் வால்வு திறந்தால் அலாரம் அடித்து, நேரத்தோடு பதிவாகும். அந்தப் பதிவை அடுத்த துறைமுகத்தில் கேட்டு வாங்குவார்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நேரடியாக ஏற்றிய தண்ணீர் தொட்டியை மட்டும் கெடுப்பதில்லை. குழாய், வால்வு, பம்ப் எல்லாவற்றிலும் அந்த நீர் தங்கிவிடும். பிறகு நல்ல நீரைச் செலுத்தினாலும் அதில் கலந்துகொண்டே இருக்கும்.

நாங்கள் செய்தது இதுதான். புறப்படுவதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு பேலாஸ்ட் தேவை என்று துறைமுகத்துக்குள் நுழைவதற்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தோம். புரொப்பல்லர் மூழ்க வேண்டும், முன்பக்க டிராஃப்ட் (நீரில் மூழ்கியிருக்கும் ஆழம்) போதுமான அளவு வேண்டும், பிரிட்ஜிலிருந்து (கப்பலை ஓட்டும் அறை) பார்த்தால் கப்பலின் மூக்குக்கு முன்னால் மறையும் கடற்பரப்பு இரண்டு கப்பல் நீளம் அல்லது 500 மீட்டர், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது, உடல் விசைகள் வரம்புக்குள் இருக்க வேண்டும். இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால் முழு பேலாஸ்டில் பாதிகூட வேண்டியிருக்கவில்லை. ஆகவே பெர்த்தில், அதாவது கப்பல் கட்டியிருக்கும் இடத்தில், அந்த அளவு மட்டும். மீதியை வெளியே ஆழமான, தெளிந்த நீர் வந்ததும் எடுப்பது என்று முடிவு. பெர்த்தில் எடுத்ததையும் பெரும்பாலும் உயர் ஓதம் நின்று திரும்பும் வேளையில் எடுத்தோம். அப்போது நீரோட்டம் அடங்கியிருக்கும், சேறு கொஞ்சம் படியும், கடல்நீரும் உள்ளே வந்திருக்கும். அடியில் இருக்கும் சீ செஸ்ட்டை (கடல்நீர் கப்பலுக்குள் வரும் வாய்) மூடிவிட்டு மேல் சீ செஸ்ட்டிலிருந்து உறிஞ்சினோம். இரண்டு முறை சரக்கு இறக்குவதைச் சற்று நிறுத்தச் சொன்னோம். கத்தினார்கள். நிறுத்தினார்கள்.

அந்தத் தாமதத்துக்காக கப்பலை வாடகைக்கு எடுத்தவர் தரப்பு எழுதிய கடிதத்துக்குப் பதில் சொல்ல எங்களுக்கு உதவியது, வருவதற்கு முன்பே ஏஜென்டுக்கு அனுப்பியிருந்த ஒரே ஒரு மின்னஞ்சல்: ‘இந்தத் துறைமுகத்தின் நீரில் எங்கள் கருவி மெதுவாகத்தான் ஓடும், இறக்கும் வேகத்தை அதற்கேற்ப வைக்கவும்.’ சேற்றுத் துறைமுகம் என்று தெரிந்தால் இதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். நடந்த பிறகு எழுதினால் அது சாக்கு, முன்பே எழுதினால் அறிவிப்பு.

உண்மையிலேயே வேறு வழியில்லாமல் பைபாஸ் செய்யும் நிலையும் வரும். அதற்காகத்தான் 2024இல் ஐஎம்ஓ, கருவியால் சமாளிக்க முடியாத மோசமான நீர் உள்ள துறைமுகங்களுக்கென்று தனியாக இடைக்கால வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன் சாரம்: முதலில் ஓட்டத்தைக் குறைப்பது, பேக்ஃப்ளஷ் போன்ற எல்லா வழிகளையும் முயன்று பார்த்திருக்க வேண்டும். அப்புறமும் முடியாவிட்டால் பைபாஸ் செய்யலாம், ஆனால் அது கப்பலின் பேலாஸ்ட் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், தெரிவிக்க வேண்டியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு நடுக்கடலில் அந்த நீரை வெளியேற்றி, குழாய்களையும் தொட்டிகளையும் அலசி, கருவி வழியாக நல்ல நீரை ஏற்ற வேண்டும். அதாவது பழைய டி-1 வேலை போய்விடவில்லை, காப்பு வழியாக இருந்துகொண்டே இருக்கிறது. புதிதாக வரும் மேட்கள் பலருக்கு நடுக்கடலில் பேலாஸ்ட் மாற்றிய அனுபவமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது என்பதால் அதைப் பற்றியும் கொஞ்சம்.

மாற்றுவதில் இரண்டு முறைகள் அதிகம் பயன்படும். தொட்டியை முழுதும் காலி செய்து மீண்டும் நிரப்புவது ஒன்று. அடியிலிருந்து புதுநீரைத் தள்ளி, மேலே வழிய விடுவது இன்னொன்று. வழிய விடும் முறையில் தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நீரைத் தள்ள வேண்டும். ஆயிரம் கன மீட்டர் தொட்டி, மணிக்கு 500 கன மீட்டர் தள்ளும் பம்ப் என்றால் அந்த ஒரு தொட்டிக்கே ஆறு மணி நேரம். அத்தனை நேரமும் ஏர் வென்ட் (தொட்டியின் காற்றுக் குழாய்) வழியே டெக்கில் தண்ணீர் கொட்டும். வென்ட்டின் மிதவைப் பந்து சிக்கிக்கொண்டால் தொட்டிக்குள் அழுத்தம் ஏறும், தகடு உப்பும். ஆகவே தொடங்கும் முன் ஒவ்வொரு வென்ட்டையும் போசனோடு (டெக் ஆட்களின் தலைவர்) போய்த் திறந்து பார்த்துவிடுவது என் வழக்கம். குளிர் கடலில் டெக்கில் வழிந்த நீர் உறையும் என்பதால் அங்கே இந்த முறையே வேண்டாம்.

காலி செய்து நிரப்பும் முறை வேகமானது, ஆனால் ஆபத்தும் அதில்தான் அதிகம். பாதி காலியான தொட்டியில் தண்ணீர் இங்குமங்கும் ஓடினால் கப்பலின் நிலைத்தன்மை குறையும். 2006 ஜூலையில் கூகர் ஏஸ் என்ற கார் கப்பல் அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே பேலாஸ்ட் மாற்றும்போது நிலைத்தன்மை இழந்து சுமார் 60 டிகிரி சாய்ந்தது. உள்ளே 4,700க்கு மேற்பட்ட மஸ்தா கார்கள். 23 மாலுமிகளும் மீட்கப்பட்டார்கள், ஆனால் பிறகு நடந்த மீட்புப் பணியில் ஒரு நிபுணர் உயிரிழந்தார். உடன்படிக்கையும் இந்த ஆபத்தை ஒப்புக்கொள்கிறது: கப்பலுக்கோ ஆட்களுக்கோ ஆபத்து என்று கேப்டன் நியாயமாக முடிவெடுத்தால் மாற்றாமல் விடலாம், காரணத்தை எழுதி வைக்க வேண்டும். நான் மேட்டாக இருந்தபோது ஒவ்வொரு படிக்கும், அதாவது எந்தத் தொட்டி எவ்வளவு காலியாக இருக்கும் நிலைக்கும், லோடிகேட்டரில் (நிலைத்தன்மையைக் கணக்கிடும் கணினி) தனிக் கணக்கு ஓட்டி அச்செடுத்து வைப்பேன். தொடக்க நிலையும் முடிவு நிலையும் நன்றாக இருந்தால் போதாது, இடைப்பட்ட படியில்தான் கப்பல்கள் சாய்கின்றன. கார்கோ ஹோல்டில் (சரக்கு அறை) தண்ணீர் வைத்திருந்தால் அதைப் பாதி நிலையில் வைத்துக்கொண்டு அலையில் மாட்டுவதைப் போல மோசமான இடம் வேறில்லை.

இனி கருவிகள். பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள். யூவி, மற்றும் கடல்நீரிலிருந்தே மின்பகுப்பு மூலம் குளோரின் உண்டாக்கும் எலக்ட்ரோ குளோரினேஷன். எது நல்லது என்று கேட்டால் உங்கள் கப்பல் எங்கே போகிறது என்று திருப்பிக் கேட்பேன். யூவிக்குக் கலங்கல் எதிரி. குளோரின் கருவிக்கு நன்னீரும் குளிரும் எதிரி: உப்பு குறைந்தால் குளோரின் உண்டாகாது, நீர் மிகக் குளிர்ந்திருந்தால் மின்பகுப்பின் திறன் குறையும். ஆற்றுத் துறைமுகங்களுக்குப் போகும் குளோரின் கப்பலில், கப்பலின் பின்முனையில் இருக்கும் ஏஃப்ட் பீக் தொட்டியில் கடல்நீரை நிரப்பிக் கொண்டுபோய், அதைக் கருவிக்குக் கொடுத்துக் குளோரின் உண்டாக்குவார்கள். அந்தத் தொட்டியை வழியில் ட்ரிம்முக்காக (கப்பலின் முன்பின் சமநிலை) காலி செய்துவிடாமல் பார்த்துக்கொள்வது மேட்டின் வேலை. கேட்க அற்பமாக இருக்கும், அது இல்லாவிட்டால் ஆற்றுக்குள் போனதும் கருவி சும்மா நிற்கும்.

யூவி கருவி எடுக்கும்போது ஒருமுறை, விடும்போது ஒருமுறை என இரண்டு முறை சுத்திகரிக்கும், ஏனென்றால் தப்பிப் பிழைத்தவை தொட்டிக்குள் மறுபடி பெருகும். குளோரின் கருவி எடுக்கும்போது மருந்து கொடுக்கும், விடும்போது மிச்சக் குளோரினைச் சோடியம் தயோசல்ஃபேட் அல்லது பைசல்ஃபைட் கொண்டு முறித்துவிடும். இதனால் பல்க் கேரியர் ஆட்களின் பழைய வசதி ஒன்று போய்விட்டது. முன்பு, கப்பலின் மேல் பக்கங்களில் இருக்கும் டாப்சைடு தொட்டிகளின் வால்வைத் திறந்தால் போதும், புவியீர்ப்பிலேயே தண்ணீர் நேராகக் கடலில் கொட்டிவிடும். பம்ப்பே வேண்டாம். இப்போது விடும்போதும் கருவி வழியாகவோ மிச்சக் குளோரினை அளந்து முறித்தோதான் விட வேண்டும் என்பதால் அந்த வால்வுகளைப் பூட்டி வைக்க வேண்டியதாயிற்று. எல்லாத் தண்ணீரும் பம்ப் வழியாக, கருவியின் வேகத்தில்.

இரும்புத்தாது ஏற்றும் துறைமுகங்களில் இதன் விளைவு உடனே தெரியும். லோடர் கொட்டும் வேகத்துக்குப் பேலாஸ்ட் இறக்க முடியாமல், ஏற்றுவதை நிறுத்தும்படி கேட்க வேண்டிவரும். கருவியின் பெயர்ப்பலகையில் எழுதிய கொள்ளளவைச் சரக்கு ஏற்றும் திட்டத்தில் போட்டுவிடாதீர்கள். கடைசியாக இதே மாதிரி நீரில் உண்மையில் எவ்வளவு ஓடியது என்று பழைய பதிவைப் பார்த்து அந்த எண்ணைப் போடுங்கள். கடைசியில் ஸ்ட்ரிப்பிங்குக்கு (அடியில் மிஞ்சிய நீரை உறிஞ்சுவது) எட்யூக்டர் (பாயும் நீரின் வேகத்தால் உறிஞ்சும் கருவி) ஓட்டும்போது இன்னும் மெதுவாகும். எட்யூக்டரை இயக்கும் நீரும் சுத்திகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். துறைமுக நீரைப் பச்சையாக எடுத்து எட்யூக்டருக்குக் கொடுத்தால், அதுவரை செய்த சுத்திகரிப்பு வீண்.

கருவி பழுதாவதும் பெரும்பாலும் பெரிய பாகங்களால் இல்லை. குளோரின் கருவியில் மிச்சக் குளோரினை அளக்கும் சென்சார், அதற்கான ரசாயனம் காலாவதியாகியிருப்பது. யூவியில் குவார்ட்ஸ் உறை மேல் படிந்த படலம், அதைத் துடைக்கும் வைப்பர் தேய்ந்திருப்பது. ஃபில்டர் வலையில் ஒரு சின்னக் கிழிசல். இவற்றை இன்ஜின் ரூம்காரர்கள் பார்ப்பார்கள் என்று மேட்டும், டெக்காரர்கள் பார்ப்பார்கள் என்று செகண்ட் இன்ஜினியரும் விட்டுவிட்டால் கருவி யாருக்கும் சொந்தமில்லாததாகிவிடும். நான் இருந்த கப்பல்களில் நன்றாக ஓடியவை, மேட்டும் செகண்ட் இன்ஜினியரும் சேர்ந்து உட்கார்ந்து யார் எதைப் பார்ப்பது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தவை. பேலாஸ்ட் வேலை இல்லாத நீண்ட பயணத்திலும் கருவியை அவ்வப்போது ஓட்டிப் பாருங்கள். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் இருக்கும்போது கோளாறு தெரிந்தால் உதிரிபாகம் வரவழைக்க நேரம் இருக்கும்.

தொட்டியின் அடியில் தங்கும் சேற்றைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. ஸ்ட்ரிப்பிங் முடிந்து காலி என்று எழுதிய தொட்டியில்கூட ஃப்ரேம்களுக்கு (தொட்டியின் உள் சட்டங்கள்) இடையே சேறும் கொஞ்சம் நீரும் கிடக்கும். நச்சு டைனோஃப்ளாஜெல்லேட் போன்ற சில நுண்பாசிகள் நிலைமை மோசமானால் தடித்த கூடு கட்டிக்கொண்டு சேற்றில் நீண்ட காலம் உறங்கும். நல்ல நீர் வந்ததும் விழிக்கும். 1980களில் டாஸ்மேனியாவில் சிப்பிப் பண்ணைகளை மூட வைத்த ஜிம்னோடினியம் கேட்டனேட்டம் அப்படிக் கூடு கட்டும் இனம்தான்.

பேரேரிகளுக்கு வந்த கப்பல்களில் பல ‘பேலாஸ்ட் இல்லை’ என்று அறிவித்து உள்ளே வந்தவை. சரக்கோடு வந்ததால் தொட்டிகள் பெயருக்குக் காலி, ஆனால் அடியில் சேறு இருந்தது. உள்ளே சரக்கை இறக்கி ஏரி நீரை ஏற்றி, அடுத்த ஏரித் துறைமுகத்தில் அதைக் கலக்கிக் கொட்டினார்கள். 2006இல் கனடாவும் 2008இல் அமெரிக்க சீவே (கடலிலிருந்து பேரேரிகளுக்குப் போகும் நீர்வழி) நிர்வாகமும், காலித் தொட்டிகளையும் நடுக்கடல் உப்புநீரால் அலசிவிட்டுத்தான் வர வேண்டும் என்று கட்டாயமாக்கின. அதன் பிறகு அங்கே புது அந்நிய இனங்கள் கண்டுபிடிக்கப்படுவது வெகுவாகக் குறைந்தது. நன்னீர் உயிர்களுக்கு உப்பு அதிர்ச்சி தாங்காது. இந்தத் துறையில் எனக்கு நம்பிக்கை தருவது விலை உயர்ந்த கருவிகளைவிட, இந்தச் சாதாரண அலசல்தான்.

சேற்றை வாரத் தொட்டிக்குள் ஆள் இறங்குவது தனி ஆபத்து. அழுகிய சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், துரு ஆக்சிஜனைத் தின்றிருக்கும். காற்றோட்டம், வாயு அளவீடு, அனுமதிச் சீட்டு, வாசலில் ஒரு ஆள், மீட்புக் கருவி. ‘அஞ்சு நிமிஷம்தான் சார்’ என்று இறங்கப் பார்ப்பவரைத் தடுத்தே ஆக வேண்டும். வாரிய சேற்றைத் துறைமுகத்தில் வாங்கும் வசதி இருந்தால் அங்கே கொடுக்கலாம். இல்லையென்றால் 200 மைலுக்கு அப்பால் ஆழ்கடலில், கப்பலின் திட்டம் சொல்கிறபடி.

பதிவேடு. பேலாஸ்ட் ரெக்கார்டு புக்கைச் சலிப்பான எழுத்து வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் துறைமுக ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பது சான்றிதழ், திட்டம், இந்தப் புத்தகம் மூன்றையும்தான். தண்ணீர் மாதிரி எடுப்பதெல்லாம் சந்தேகம் வந்த பிறகு. 2025 பிப்ரவரி 1 முதல் புதிய படிவம்: ஏ முதல் எச் வரை எட்டு எழுத்துகள், எடுத்தது, விட்டது, மாற்றியது, கோளாறு, சேறு அகற்றியது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. கடைசிப் பதிவிலிருந்து இரண்டு வருடம் கப்பலில், அப்புறம் மூன்று வருடம் கம்பெனியிடம் இருக்க வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்த ஒரு கப்பலில் கருவியின் பேனல் கடிகாரம் யார்டில் பொருத்திய நாளில் வைத்த நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. புத்தகத்தில் எழுதியிருந்தது கப்பல் நேரம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கருவி ஓடாத நேரத்தில் பேலாஸ்ட் ஏற்றியது போலத் தெரியும். ஒப்படைப்பின்போது அது கண்ணில் பட்டது. பேனலை யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றி, மாற்றிய தேதியையும் முன்பிருந்த வித்தியாசத்தையும் புத்தகத்தில் எழுதிக் கேப்டனிடம் கையெழுத்து வாங்கினேன். அடுத்த துறைமுகத்திலேயே ஆய்வாளர் பேனல் பதிவை இறக்கி ஒப்பிட்டார், அந்தக் குறிப்பைப் படித்தார், அதோடு விட்டார். கருவியில் வந்த சின்ன அலாரத்தைக்கூட எழுதிவிடுங்கள். பேனலில் இருந்து புத்தகத்தில் இல்லாத ஒரு அலாரம், எழுதப்பட்ட பத்து கோளாறுகளைவிட மோசமாகத் தெரியும்.

ஆய்வாளர் இன்னொன்றும் செய்வார்: மேட்டை விட்டுவிட்டு, அருகில் நிற்கும் தேர்டு மேட்டைக் கூப்பிட்டு, ‘இந்தக் கருவியைத் தொடங்கிக் காட்டுங்கள்’ என்பார். அதனால் மூன்று மேட்களுக்கும் போசனுக்கும் ஒவ்வொரு பேலாஸ்ட் வேலையிலும் மாறி மாறிப் பேனலில் கை வைக்கச் சொல்வேன். பார்த்துக்கொண்டிருப்பதில் யாரும் கற்றுக்கொள்வதில்லை.

இறங்கிப் போகும் மேட் அடுத்தவருக்கு எழுதும் ஒப்படைப்புக் குறிப்பில் பேலாஸ்ட் பகுதி பெரும்பாலும் ‘கருவி நல்ல நிலையில் உள்ளது’ என்ற ஒரே வரியோடு முடிந்துவிடும். நான் கேட்டு வாங்குவது வேறு. ஒவ்வொரு தொட்டியிலும் இப்போது இருப்பது எந்த இடத்து நீர், எந்தத் தேதியில் எடுத்தது, கருவி வழியாக வந்ததா. எந்தத் தொட்டியில் சேறு எவ்வளவு கனம், கடைசியாக எப்போது உள்ளே இறங்கிப் பார்த்தார்கள். எந்த வால்வு முழுதாக மூடாமல் கசிகிறது. எந்தத் துறைமுகத்தில் ஃபில்டர் அடைத்தது, அப்போது ஓட்டம் எவ்வளவுக்கு இறங்கியது. சென்சார் ரசாயனத்தின் காலாவதித் தேதி, உதிரி விளக்கு எத்தனை, ஆர்டர் போட்டு வராதது எது. கேங்வேயில் (கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் படி) பெட்டியோடு நிற்பவரை மறுபடி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாவது இதை எழுதி வாங்கிவிடுவேன்.